பழைய படம், நெகட்டிவ், புத்தகம்: ஸ்கேனரா, கேமராவா? எந்த வழியில் கணினியோடு இணைப்பது?

அலமாரியில் நாலு ஆல்பம், பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ், அட்டை பிய்ந்த பழைய புத்தகங்கள். இவற்றைக் கணினியில் ஏற்ற ஸ்கேனர் வாங்க வேண்டுமா, கையில் இருக்கும் கேமராவே போதுமா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஸ்கேனர் விற்பவர் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணைக் காட்டுவார், கேமரா விற்பவர் மெகாபிக்சலைக் காட்டுவார். அந்த எண்களை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எதைப் படியெடுக்கப் போகிறீர்கள், கருவிக்கும் மென்பொருளுக்கும் நடுவே உள்ள இணைப்பு எத்தனை வருடம் தாங்கும் என்ற இரண்டும்தான் முக்கியம். ஸ்கேனரின் கண்ணாடியும் மோட்டாரும் இருபது வருடம் ஓடும். அதற்கு முன்பே டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேச வைக்கும் நிரல், செத்துவிடும்.

## முதலில் அளவுகோல்கள்

மூலப்பொருள். தட்டையாகப் படியுமா, கவிழ்த்து அழுத்தினால் உடையுமா, ஒளி ஊடுருவும் ஃபிலிமா? பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும்.

தேவையான பிக்சல். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 4×6 அங்குல பிரிண்ட்டை 600 டிபிஐயில் எடுத்தால் 2400×3600 பிக்சல், சுருக்காத ஃபைல் சுமார் 26 எம்பி. அதையே 1200ல் எடுத்தால் 104 எம்பி ஆகும். சாதாரண கலர் லேப் பிரிண்ட்டில் 600க்கு மேல் எடுக்க விவரம் எதுவும் மிச்சமிருக்காது, பெரிதாவது காகிதத்தின் சொரசொரப்பு மட்டும்தான். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480×3508. 35 மிமீ நெகட்டிவுக்கு 3000 முதல் 4000 டிபிஐ வேண்டும்.

தமிழ் அச்சுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள்களுக்கு 300 டிபிஐ போதும் என்பார்கள். சிறிய எழுத்தில் அச்சான பழைய புத்தகங்களில் அந்த அளவில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது காணாமலே போகும். 400க்குக் கீழே இறங்காமல், கறுப்பு வெள்ளையில் இல்லாமல், சாம்பல் நிறப் படிகளும் பதியும் கிரேஸ்கேலில் எடுங்கள். தூசு நீக்கும் வசதியை ஏற்றி வைத்தால் அது முதலில் தின்பது புள்ளியைத்தான். ‘கல்’ ‘கல’ ஆகிவிடும், திருத்துபவர் கண்ணுக்கும் சட்டென்று தெரியாது.

எண்ணிக்கை. ஐம்பது படம் என்றால் எந்த வழியும் சரி. ஐயாயிரம் என்றால் ஒரு படத்துக்கு ஆகும் நொடிகள்தான் தீர்மானிக்கும்.

டிரைவர் ஆயுள், மறைசெலவு. இவை கீழே அந்தந்த இடத்தில் வரும்.

## ஒரு பார்வையில்

| | ஃபிளாட்பெட் ஸ்கேனர் | ஸ்டாண்டில் கேமரா | ஆல்-இன்-ஒன் பிரிண்டர் | போன் |
|---|---|---|---|---|
| தளர்வான பிரிண்ட் | மிக நன்று | நன்று | பரவாயில்லை | அவசரத்துக்கு |
| ஆல்பத்தில் ஒட்டிய படம் | கடினம் | மிக நன்று | கடினம் | அவசரத்துக்கு |
| 35 மிமீ ஃபிலிம் | ஃபிலிம் விளக்குள்ள மாடலில் மட்டும் | மேக்ரோ (மிகக் கிட்டே எடுக்கும்) லென்ஸ் இருந்தால் மிக நன்று | முடியாது | வேண்டாம் |
| தடித்த புத்தகம் | நடு மடிப்பு மங்கும் | மிக நன்று | நடு மடிப்பு மங்கும் | படிக்க மட்டும் |
| 150 விரிப்புக்கு (திறந்த இரு பக்கம் ஒரு விரிப்பு) நேரம் | சுமார் இரண்டரை மணி | அரை மணி, அமைக்கத் தனியாக ஒரு மணி | ஸ்கேனரை விட அதிகம் | அரை மணி |
| டிரைவர் தொல்லை | அதிகம் | கார்டு வழி என்றால் இல்லை | நடுத்தரம் | இல்லை |
| மறைசெலவு | மூன்றாம் தரப்பு மென்பொருள் | விளக்கு, ஸ்டாண்ட், லென்ஸ் | நெட்வொர்க், மை | தரம் |

விரிப்புக்கு ஸ்கேனரில் ஒரு நிமிடமும் கேமராவில் பத்து பன்னிரண்டு நொடியும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. பக்கம் திருப்பும் நேரமும் இதில் சேரும்.

## ஃபிளாட்பெட் ஸ்கேனர்

வாங்குவதற்கு முன் உள்ளே இருக்கும் சென்சார் எது என்று கேளுங்கள். கேனன் லைட் 300, 400, எப்சன் வி39 போன்ற ஒல்லியான மாடல்கள் சென்சார் கண்ணாடியை ஒட்டியே ஓடும் சிஐஎஸ் வகை. யூஎஸ்பி கேபிளே மின்சாரமும் கொடுக்கும், விலையும் குறைவு. ஆனால் கண்ணாடியை விட்டு ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே படம் மங்கும். சுருண்ட பிரிண்ட்டும் புத்தகத்தின் நடு மடிப்பும் இதில் சரியாக வராது. எப்சன் வி600 போன்ற தடித்த மாடல்கள் சிசிடி வகை. கண்ணாடியும் லென்ஸும் கொண்ட ஒளிப்பாதை இருப்பதால் சற்று எழும்பி நிற்கும் பரப்பும் கூர்மையாக விழும். மூடியில் ஃபிலிமுக்கான விளக்கு இருப்பதும் இந்த வகையில்தான்.

பெட்டியில் அச்சிட்ட டிபிஐயை நம்பி ஃபிலிமுக்கு வாங்க வேண்டாம். 6400 என்று போட்ட கருவியில் அதில் பாதி அளவு விவரம்கூடக் கைக்கு வராது. 35 மிமீ நெகட்டிவை அதில் 6400ல் எடுப்பது வட்டை நிரப்பும் வேலை. 3200ல் எடுத்துப் பாதியாகச் சுருக்கினாலும் இழப்பு பெரிதாக இருக்காது. 120 அளவு ஃபிலிமுக்கு இதே கருவி தாராளமாகப் போதும், நெகட்டிவே பெரியது அல்லவா.

வி600ல் அகச்சிவப்பு ஒளியால் தூசையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும் வசதி உண்டு. கலர் நெகட்டிவுக்கு இது வரப்பிரசாதம், படத்துக்குப் பத்து நிமிடம் மிச்சம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இதை ஏற்றாதீர்கள். அதில் உள்ள வெள்ளி அகச்சிவப்பையும் மறைப்பதால் முகத்தையே தூசு என்று நினைத்து அழித்துவிடும். கோடாக்ரோம் ஸ்லைடிலும் நம்ப முடியாது.

டிரைவர் திரையில் மாற்ற வேண்டியவை சில. தானியங்கி முறையை விட்டுத் தொழில்முறை அல்லது மேம்பட்ட முறைக்குப் போங்கள். கூர்மையாக்கல், நிற மீட்பு, தானியங்கி எக்ஸ்போஷர் மூன்றையும் அணைத்துவிடுங்கள். நிறம் மங்கிய பிரிண்ட்டையும் நெகட்டிவையும் 48 பிட்டில் (நிறப் படிகள் அதிகம்) டிஃப் (தரம் குறையாத ஃபைல் வகை) ஆக எடுத்தால் பிறகு திருத்த இடம் இருக்கும், மற்றவற்றுக்கு 24 பிட் போதும். நிறப் பொருத்தத்தை ஒரே இடத்தில் செய்யுங்கள். டிரைவரே எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவுக்கு மாற்றிக் கொடுத்த படத்துக்குத் திருத்தும் மென்பொருளில் இன்னொரு முறை ஸ்கேனர் புரொஃபைலை (ஸ்கேனரின் நிறத் திருத்தக் குறிப்பு) ஏற்றினால் தோல் நிறம் செங்கல் நிறமாகும்.

பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் என்றால் அச்சுப் புள்ளிகள் ஸ்கேனர் வரிகளோடு மோதி அலை அலையாகத் தெரியும். 600 டிபிஐயில் எடுத்து, டீஸ்கிரீன் (அச்சுப் புள்ளியை மழுக்கும் வசதி) போட்டு, பிறகு பாதியாகச் சுருக்குங்கள். பட்டுத்துணி போல் சொரசொரப்புள்ள 1970, 80களின் பிரிண்ட்டுகளில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும் ஸ்கேனர் விளக்கு ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் போடும். ஒரு முறை நேராகவும் ஒரு முறை 180 பாகை திருப்பியும் எடுத்து, இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக 50 சதவீதத்தில் கலந்தால் நிழல் பெருமளவு குறையும்.

## ஸ்கேனரை மென்பொருளோடு சேர்ப்பது: நான்கு வழிகள்

ஸ்கேனர் வாங்கியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

### ட்வெய்ன்

ஸ்கேனரையும் மென்பொருளையும் இணைக்க 1992ல் வந்த பழைய பொது முறை. கம்பெனி எழுதிய டிரைவர் திரையே மென்பொருளுக்குள் திறக்கும். 48 பிட், அகச்சிவப்பு, ஃபிலிம் தேர்வு எல்லாம் கிடைக்கும். கிம்ப், இர்ஃபான்வியூ, நாப்ஸ்2 ஆகியவை விண்டோஸில் இதை ஏற்கும்.

‘ஸ்கேனர் நன்றாக ஓடுகிறது, ஆனால் மென்பொருளில் பெயரே வரவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் பிட் பொருத்தமின்மை. 64 பிட் மென்பொருளால் 32 பிட் டிரைவரைத் திறக்க முடியாது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் ஸ்கேனரின் ஃபைல்கள் ட்வெய்ன்_32 என்ற ஃபோல்டரில் மட்டும் இருந்து, ட்வெய்ன்_64 என்பதில் இல்லை என்றால் அதுதான் சிக்கல். தீர்வு இரண்டு. இர்ஃபான்வியூவின் 32 பிட் பதிப்பை 64 பிட் பதிப்பின் பக்கத்திலேயே நிறுவி ஸ்கேனுக்கு மட்டும் அதைத் திறக்கலாம். அல்லது நாப்ஸ்2 போடலாம், அது 32 பிட் டிரைவருக்கென்று தனியாக ஒரு துணை நிரலை ஓட்டிச் சமாளித்துக்கொள்ளும்.

இன்னொரு பொறி: பட்டியலில் ஒரே ஸ்கேனர் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் டபிள்யூஐஏ என்று ஒட்டியிருக்கும். அது விண்டோஸ் தானாகக் கட்டிய பாலம். முழு வசதி வேண்டுமென்றால் முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

### டபிள்யூஐஏ

விண்டோஸின் சொந்த ஸ்கேன் வழி, மில்லேனியம் பதிப்போடு 2000ல் வந்தது. திரை எளிமையானது: கலரா கிரேயா, டிபிஐ எவ்வளவு, வெளிச்சம், மாறுபாடு. ஃபிலிம், 48 பிட் போன்றவை பெரும்பாலும் கிடைக்காது. ரசீது, சான்றிதழ், சாதாரண பிரிண்ட் எடுக்க இதுவே போதும், 32, 64 பிட் தகராறும் இல்லை. திடீரென்று ஸ்கேனர் காணாமல் போனால் சர்வீசஸ் பட்டியலில் ‘விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்’ ஓடுகிறதா பாருங்கள். நின்றிருந்தால் தொடக்கி, தொடக்க வகையை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

### மூன்றாம் தரப்பு மென்பொருள்

கம்பெனி கைவிட்ட ஸ்கேனருக்கு உயிர் கொடுப்பது இதுதான். வியூஸ்கேன் 1998 முதல் இருக்கிறது, தன் சொந்த டிரைவரோடு வரும், ஆயிரக்கணக்கான மாடல்களை ஏற்கும். காசு கொடுக்க வேண்டும். சில்வர்ஃபாஸ்ட் ஃபிலிமுக்கு நல்ல பெயர் எடுத்தது, ஆனால் உரிமம் ஸ்கேனர் மாடலோடு கட்டப்பட்டது. ஸ்கேனரை மாற்றினால் மறுபடி செலவு. பழைய ஸ்கேனரை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டுப் பல ஆயிரத்துக்கு மென்பொருள் வாங்க நேரும் கதை இப்படித்தான் நடக்கிறது. வியூஸ்கேனின் சோதனைப் பதிப்பில் முத்திரை விழுந்த படம் வரும். கருவி ஏற்கப்படுகிறதா என்று அதில் பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.

### லினக்ஸில் சேன், மேக்கில் இமேஜ் கேப்சர்

விண்டோஸ் 64 பிட் கைவிட்ட கேனன் லைட் 20, 30 போன்றவை லினக்ஸில் சேன் என்ற இலவச டிரைவர் தொகுப்பு வழியாக இன்னும் ஓடுகின்றன. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஸ்கேனுக்கென்றே வைத்துக்கொள்வது மிக மலிவான தீர்வு. மேக்கில் கூடவே வரும் ஸ்கேன் நிரல் இமேஜ் கேப்சர். மேக் பயனர்கள் கவனிக்க வேண்டியது 2019ல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு. அது 32 பிட் மென்பொருளை அடியோடு நிறுத்தியதில் பல பழைய ஸ்கேனர் நிரல்கள் ஒரே இரவில் செயலிழந்தன. பயன்படுத்திய ஸ்கேனரை வாங்கும்போது கண்ணாடியில் கீறல் தேடுவதற்கு முன் உங்கள் இயங்குதளத்துக்கு டிரைவர் உண்டா என்று தேடுங்கள்.

எந்த வழியானாலும் பாதியில் நின்றுபோகும் ஸ்கேனுக்குக் கேபிளும் மின்சாரமும்தான் முதல் சந்தேகம். யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் சிஐஎஸ் ஸ்கேனரை ஹப்பில் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். மிகப் பழைய ஸ்கேனர் யூஎஸ்பி 3 துளையில் முரண்டு பிடித்தால் யூஎஸ்பி 2 துளையில் போட்டுப் பாருங்கள்.

## ஸ்டாண்டில் கேமரா

24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000×4000. அதில் ஏ4 பக்கம் முழுச் சட்டமாக விழுந்தால் சுமார் 480 டிபிஐக்குச் சமம், ஓரம் விட்டால் 450. ஏ3 அளவு புத்தக விரிப்பு முழுச் சட்டமாக விழுந்தால் சுமார் 340. 35 மிமீ நெகட்டிவ் சட்டம் நிறைந்தால் 4200ஐத் தாண்டும், அதுவும் நல்ல மேக்ரோ லென்ஸில் அந்த எண்ணுக்கு ஏறக்குறைய உண்மையான விவரத்தோடு. ஃபிலிமில் கேமரா ஃபிளாட்பெட்டை வெல்வது இதனால்தான். ஆனால் அகச்சிவப்புத் தூசு நீக்கம் கிடையாது. ஒவ்வொரு கலர் நெகட்டிவையும் கையால் துடைத்துத் திருத்த வேண்டும், ஆரஞ்சு அடிநிறத்தைப் புரட்ட டார்க்டேபிளின் நெகடாக்டர் போல ஒரு கருவியும் வேண்டும். ஆயிரம் கலர் நெகட்டிவ் என்றால் இந்தத் திருத்த நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முடிவு ஸ்கேனர் பக்கம் சாயக்கூடும். கறுப்பு வெள்ளை என்றால் சந்தேகமே வேண்டாம், கேமராதான்.

புத்தகம், ஆல்பம், பிரேம் கண்ணாடியில் ஈரத்தால் ஒட்டிப்போன படம் ஆகியவற்றிலும் கேமராவே. கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்த்தால் படத்தின் மேல் படலம் கண்ணாடியோடு போய்விடும். பசை ஆல்பத்தில் ஒட்டியதும் அப்படித்தான்.

தூரம். ஸ்டாண்ட் வாங்கும் முன் இதைப் பாருங்கள். ஏபிஎஸ்-சி (முழுச்சட்டத்தை விடச் சிறிய) சென்சாரில் 50 மிமீ லென்ஸ் என்றால் ஏ4க்கு லென்ஸ் சுமார் 70 செமீ உயரத்தில் நிற்க வேண்டும், ஏ3க்கு சுமார் 100 செமீ. சந்தையில் கிடைக்கும் பல ஸ்டாண்ட்களின் தூண் அவ்வளவு உயரம் இல்லை. 35 மிமீ லென்ஸில் அதே ஏ3க்கு சுமார் 70 செமீ போதும்.

இணை. கேமராவும் பக்கமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கும். மட்டக்கோலைத் தேட வேண்டாம். பக்கம் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் லென்ஸின் நடுப்புள்ளி திரையின் நடுவில் விழும்வரை கேமராவைச் சாயுங்கள்.

வெளிச்சம். ஒரே மாதிரி இரண்டு விளக்கு, இரு பக்கமும் 45 பாகையில், நிறத் துல்லியம் (சிஆர்ஐ என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்) 95க்கு மேல். அறை விளக்கையும் மின்விசிறியையும் அணையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்ஈடி நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் படத்தில் பட்டைகள் விழாது.

கேமரா அமைப்பு. முழுக் கைமுறை. ஐஎஸ்ஓ 100, எஃப்5.6 முதல் எஃப்8 வரை. எஃப்11ஐத் தாண்டினால் துளை சிறுத்தே கூர்மை குறையும். நடுக்க எதிர்ப்பை அணைக்கவும், இரண்டு நொடி டைமர் வைக்கவும், ரா ஃபைலில் (சென்சார் கொடுத்த மூலத் தரவு) பதியவும். ஒயிட் பேலன்ஸை சாம்பல் அட்டையில் ஒரு முறை பிடித்துப் பூட்டிவிடுங்கள். காகிதத்தின் வெள்ளை 255ஐத் தொடாமல் 240 பக்கம் நிற்கட்டும். பளபளக்கும் பிரிண்ட்டில் கேமராவின் பிம்பமே தெரிந்தால், நடுவில் ஓட்டை போட்ட கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றித் தொங்கவிடலாம்.

### கார்டா, கேபிளா?

கார்டை எடுத்துக் கார்டு ரீடரில் போடுவதற்கு எந்த டிரைவரும் தேவையில்லை. இருபது வருடம் பழைய கேமராவும் நாளைய கணினியோடு பேசும். எண்ணிக்கை குறைவானால் இதுவே போதும்.

புத்தகம் முழுக்க எடுப்பதானால் கேபிள் மூலம் நேரடியாக எடுப்பது மேல். பெரிய திரையில் ஃபோகஸ் பார்க்கலாம், கேமராவைத் தொடவே வேண்டாம், ஃபைல் பெயரும் பக்க எண்ணோடு விழும். கேனனுக்கு ஈஓஎஸ் யுடிலிட்டி, நிக்கானுக்கு என்எக்ஸ் டெதர் இலவசம். விண்டோஸில் டிஜிகேம்கண்ட்ரோல், லினக்ஸில் என்டாங்கிள், டார்க்டேபிள். சோனியில் மெனுவுக்குள் யூஎஸ்பி இணைப்பை பிசி ரிமோட் என்று மாற்றாவிட்டால் கேமரா வெறும் பென்டிரைவாகத்தான் தெரியும்.

‘கேமரா கிடைக்கவில்லை’ என்று வந்தால் பெரும்பாலும் வேறொரு நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் கேமராவோடு பேச முடியும். லினக்ஸில் ஃபைல் மேனேஜர் தானாகக் கேமராவை மவுன்ட் செய்துவிடும், அதை அன்மவுன்ட் செய்த பிறகே என்டாங்கிளைத் திறக்க வேண்டும். மேக்கில் போட்டோஸையும் இமேஜ் கேப்சரையும் மூடுங்கள். இன்னொரு காரணம் கேபிள். சார்ஜுக்கு மட்டுமான கேபிளில் தரவுக் கம்பியே இருக்காது.

லைவ் வியூ ஓடிக்கொண்டே இருப்பதால் பேட்டரி ஒன்றிரண்டு மணியில் தீரும். பேட்டரி வடிவ ஏசி அடாப்டர் வாங்குவது இன்னொரு மறைசெலவு. கேமராவின் தானியங்கி அணைப்பையும் நிறுத்திவைக்க வேண்டும். படத்தைக் கணினியிலும் கார்டிலும் சேர்த்துப் பதியும்படி அமையுங்கள். கேபிள் ஆடினால் இழப்பது அந்த ஒரு படமாகத்தான் இருக்கும்.

## ஆல்-இன்-ஒன் பிரிண்டரும் போனும்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிரிண்டரின் ஸ்கேனர் சிஐஎஸ்தான். 600 டிபிஐ வரை ஆவணத்துக்கும் தளர்வான பிரிண்ட்டுக்கும் உதவும். வைஃபை வழியாக எடுத்தால் பல மாடல்கள் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும், டிபிஐ தேர்வும் குறையும். யூஎஸ்பி கேபிள் போட்டு ட்வெய்னில் எடுத்தால் அதே கருவி நல்ல படம் தரும். வைஃபையில் கூடுதலாக ஒரு நன்மையும் உண்டு: புது மாடல்கள் டிரைவரே இல்லாமல் ஸ்கேன் செய்யும் பொது முறையை ஏற்பதால் லினக்ஸிலும் மேக்கிலும் உடனே வேலை செய்யும். மை தீர்ந்தால் ஸ்கேனுக்கும் மறுக்கும் மாடல்கள் உள்ளன, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் படிக்கவும் பகிரவும் போதும். அகல லென்ஸ் ஓரங்களை வளைக்கும், நிரல் தானாகக் கூர்மையைக் கூட்டும், கிட்டே போனால் சொல்லாமல் வேறு லென்ஸுக்குத் தாவும். ஐபோனின் ஹைஃப் ஃபைலைப் பழைய மென்பொருள் திறக்காது, கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிடுங்கள்.

## யாருக்கு எது

தளர்வான பிரிண்ட் சில நூறு, ஃபிலிம் இல்லை: சிஐஎஸ் ஃபிளாட்பெட், அல்லது இருக்கும் பிரிண்டரை யூஎஸ்பியில் இணைத்து.

கலர் நெகட்டிவ் நிறைய, கூடவே பிரிண்ட்டும்: ஃபிலிம் விளக்கும் அகச்சிவப்பும் உள்ள சிசிடி ஃபிளாட்பெட். ட்வெய்ன் அல்லது வியூஸ்கேன் வழியாக.

கறுப்பு வெள்ளை நெகட்டிவ், ஸ்லைடு: மேக்ரோ லென்ஸோடு கேமரா. பின்னொளிக்குப் போன் திரையை வைப்பதானால் ஃபிலிமை அதிலிருந்து இரண்டு மூன்று செமீ தூக்கி, நடுவே பால் நிற அக்ரிலிக் வையுங்கள். நேரடியாக வைத்தால் திரையின் பிக்சல்களே படத்தில் விழும்.

புத்தகம், கணக்கு நோட்டு, ஓலை: கேமரா, கேபிள் வழியாக. பக்கம் பிரிக்கவும் சாய்வு நிமிர்த்தவும் ஸ்கேன்டெய்லர் இலவசம், அதிலும் தூசு நீக்கத்தை அணைத்து வையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய ‘னை’, ‘லை’, ‘றா’ வடிவங்களை எழுத்துணரி தவறாகப் படிக்கும். திருத்தும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கப் படம்தான் ஆதாரம் என்பதால், எழுத்துணரிக்குக் கொடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதியோடு மூல ரா ஃபைலையும் அழிக்காமல் வைத்திருங்கள். ஓலை நீளமானது, அகலம் சில சென்டிமீட்டர்தான். ஒரே சட்டத்தில் அடக்கினால் எழுத்து அளவு போதாது. பாதியாகவோ மூன்றாகவோ, ஒவ்வொரு படமும் மற்றதை மூன்றில் ஒரு பங்கு மேவும்படி எடுத்து, ஓரத்தில் ஒரு அளவுகோலும் வைத்தால் பிறகு ஒட்ட எளிது.